கொக்கி ஒன்று, புள்ளி நான்கு

"எம்புள்ள உசுரோட கீறானா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு தாயீ. வேற ஒண்ணியும் வாணாம்."

பட்டம்மாள் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, மீன்வலைக் கடைக்கு மேல்மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதுதான் எழில்மொழியின் துப்பறியும் அலுவலகம். மூன்று வருடத்தில் அவள் கண்டுபிடித்துக் கொடுத்தவை இரண்டு பைக், ஓடிப்போன ஒரு புருஷன், முதல் கல்யாணத்தை மறைத்த ஒரு மாப்பிள்ளை. உயிரோடு இருக்கிறானா என்று இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நோட்டைத் திறந்து தேதி எழுதினாள். பயமாக இருக்கும்போதெல்லாம் அவள் முதலில் தேதிதான் எழுதுவாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா."

பையன் பெயர் வெற்றி. வயது இருபத்தாறு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடு. ஏரியா கால்பந்து டீமில் கோல்கீப்பர், பிழைப்புக்கு ராயபுரம் மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குவது. போன ஆகஸ்ட்டில் ஓர் ஏஜென்ட் மூலமாகப் போர்ச்சுகல் போனான். ஒயின் தயாரிக்கிற ஊர் ஒன்றில் திராட்சை பறிக்கிற வேலை.

"ஒயினு செய்யிற ஊருன்னான். நானு ஒயின் ஷாப்புல வேலைன்னு நெனச்சிகினு ரெண்டு நாளு சோறு துன்னல," என்றார் பட்டம்மாள்.

ஜன்னலோரம் சாய்ந்திருந்த டில்லிபாபு வாயைத் திறந்தான். நாற்பது வயது ஆட்டோக்காரன். சவாரி இல்லாத நேரத்தில் எழில்மொழிக்கு உதவியாளன். சவாரி பெரும்பாலும் இருப்பதில்லை.

"நீ வேற யம்மா. நம்மூரு ஒயின் ஷாப்புல எல்லாம் கெடைக்கும், ஒயினு மட்டும் கெடைக்காது."

பட்டம்மாளுக்குச் சிரிப்பு பாதி வந்தது. மீதி வரவில்லை.

"அது மலையாம், டவர் கெடைக்காதாம். போன் வராது. மாசம் ஒரு படம் வரும், கூட ரெண்டு வரி எளுதுவான். பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டும். வூட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தத்தான் காட்டுவேன். ஒரு தபா தண்ணி கேட்டு வந்த புள்ளைக்குக்கூட காட்டினேன். பாவம், தண்ணி குடிக்காமலே பூட்டான்."

"இப்ப ஏன் சந்தேகம்?"

"போன வாரம் எனுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தேன். அந்தப் பொண்ணு அவனுக்கு மெசேஜ் போட்டுது. உங்கம்மா பயப்புடுது, ஒரு தபா யம்மான்னு சொல்லி வாய்ஸ் அனுப்புன்னு. அவன் பாத்துட்டான், நீலக் கோடு வந்துச்சி." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "குரலு வரல. படந்தான் வந்துச்சி."

டில்லிபாபு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

பட்டம்மாள் போன பிறகு எழில்மொழி பதினொரு படங்களையும் கணினித் திரையில் பரப்பி வைத்தாள். பெரம்பூரில் மாலை வகுப்பு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தடயங்களைப் படமெடுக்கப் பழகலாம் என்று சேரப் போனால், இடம் இருந்தது பயணப் புகைப்படப் பிரிவில்தான். ஆறு மாதமாகக் கோயில் கோபுரத்தையும் சூரிய உதயத்தையும் எடுத்து, எதற்குமே உதவாத படிப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அந்த வகுப்புக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: படத்தில் என்ன இருக்கிறது என்று அப்புறம் பார், எடுத்தவன் எங்கே நின்றான் என்று முதலில் பார்.

"டில்லி, செப்டம்பர், அக்டோபர், நவம்பர். இந்த மூணையும் பாருங்க. கோணலா இருக்கு. திராட்சைக் கொத்து தலைக்கு மேல தொங்குது, கீழ பக்கெட்டு, யாரோ ஒருத்தரோட வெறுங்காலு. நவம்பர் படத்து மூலையில எடுத்தவன் விரலே விழுந்திருக்கு."

அந்த விரலின் நகம் கறுத்திருந்தது. எப்போதோ பந்து பட்டு நசுங்கிய நகமாக இருக்கலாம்.

"டிசம்பர்ல ஒண்ணுமே இல்ல. ஜனவரியிலேர்ந்து எட்டுப் படம். மலை, ஆறு, படிப்படியா திராட்சை வரிசை, சாய்ஞ்ச வெயிலு. எவ்ளோ அழகு. ஆனா எட்டுல ஒண்ணுலகூட ஒரு மனுஷன் இல்ல."

"எல்லாரும் ஒயின் ஷாப்புக்குப் பூட்டானுங்களோ இன்னாவோ."

"பயணப் படம் எடுக்கிறவங்க ஆளுங்க நகர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. பறிக்கிறவன் வேர்வையோட குறுக்க வந்தா படம் கெட்டுடும். இந்த எட்டும் ரோட்டு மேல நின்னு விருந்தாளி எடுத்தது. அந்த மூணும் கொடிக்குள்ள நின்னு வேலைக்காரன் எடுத்தது."

சொல்லிவிட்டு உடனே சந்தேகப்பட்டாள். லீவு நாளில் வேலைக்காரனும் ரோட்டில் நிற்கலாமே? அதையும் எழுதினாள். பிறகு ஜனவரிப் படத்தைப் பெரிதாக்கினாள். கொடியெல்லாம் பழம்.

"ஜனவரியில அந்த ஊர்ல குளிரு. கொடி மொட்டைக் குச்சியா நிக்கும். படக்காரங்க அறுவடை மாசத்துலதான் போவாங்க. அதனால படத்தை மட்டும் பாத்தா அந்த ஊர்ல வருஷம் பூரா அறுவடைதான். அங்கேயே இருக்கிறவன் ஒரு தடவையாவது மொட்டைக் குச்சியை அனுப்பியிருப்பான்."

"ஆக, நவம்பர் வரிக்கும் ஒருத்தன். ஜனவரிலேந்து வேற ஒருத்தன்," என்றான் டில்லிபாபு. அவன் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. "எழுத்தப் பாரு எழிலு. மொதல் மூணுல 'யம்மா, நா நல்லா கீறேன், துன்னியா'ன்னு கீது. அது நம்மாளு. ஜனவரில பாரு. 'அம்மா, சுகமா இருக்கேன். இப்பம் முந்திரி பறிக்கோம்.' இன்னாது இது? நம்ம ஏரியால எவன்டா 'இப்பம்'னு சொல்றான்? அதுவும் கொடியில முந்திரியா? முந்திரி மரத்துலதான காய்க்கும்? பாயசத்துல போட்டுப் போட்டு எனுக்கே தெரியும்."

"அம்மா இதைக் கவனிக்கலையா?"

"கேட்டேனே, படியெறங்கசொல்ல. ஃபாரின் போயி புள்ள பேச்சு நாகரீகமாயிடுச்சின்னு நெனச்சிகிச்சாம்."

எழில்மொழி நோட்டில் 'இறந்திருக்கலாம்' என்று எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு: முதல் மூன்றில் கொத்து தலைக்கு மேல். பின் எட்டில் கொடி இடுப்பளவு வேலி போல. ஏன்? அதற்கு அவளே பதிலும் எழுதிக்கொண்டாள்: வேறு தோட்டம்.

ஏப்ரல் படத்தில்தான் பிடி கிடைத்தது. மற்ற ஏழும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. ஏப்ரல் மட்டும் லேசாகச் சாய்ந்திருந்ததால், கீழ் விளிம்பில் நூல் அளவுக்கு ஒரு வெள்ளைப் பட்டை. அதில் சிவப்புப் பொட்டுகள்.

"தூசா?" என்றான் டில்லிபாபு.

"எழுத்து. எழுத்தோட உச்சி மட்டும் தெரியுது. முதல்ல ஒரு கொக்கி. ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி. நல்லாத் தள்ளி, ஒட்டினாப்ல ரெண்டு புள்ளி." அவள் முதுகு நிமிர்ந்தது. "தமிழ் டில்லி! கொக்கின்னா இகரம். புள்ளின்னா மெய்யெழுத்து. இது படத்தைப் பாத்து எடுத்த படம். காலண்டர்! படத்துக்குக் கீழ கடைப் பேரு."

"கடைசியில ரெண்டு புள்ளி சேந்தாப்ல... ர், ஸ். டிரேடர்ஸ்!"

"டிரேடர்ஸ்னா அந்த ரெண்டு புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால 'டி'க்கு ஒரு கொக்கி வரணும். இல்ல. ஸ்டோர்ஸ். ஸ்-க்கு ஒரு புள்ளி, இடையில 'டோ', அப்புறம் ர், ஸ். அப்போ கடைக்காரர் பேர்ல ஒரு கொக்கி, அதுக்கப்புறம் ஒரு புள்ளி."

தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் ஸ்டோர்ஸ் இருக்கும் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. இருந்தாலும் ஓர் இடத்தில் ஆரம்பிக்கவேண்டும். வெற்றி மூட்டை தூக்கிய தெரு நடந்துபோகிற தூரத்தில்தான் இருந்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்த வேளையில் இருவரும் மார்க்கெட்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார்கள். மிளகாய் நெடியில் டில்லிபாபு தும்மித் தும்மிப் பெயர்ப்பலகை படித்தான்.

"கணபதி ஸ்டோர்ஸ். கொக்கி கீது."

"அதுக்கும் ஸ்டோர்ஸுக்கும் நடுவுல புள்ளி இல்ல."

"அருள்நாதன் ஸ்டோர்ஸ். புள்ளி ரெண்டு கீது, கொக்கி இல்ல. சே! மனுசன் மூஞ்சியப் பாத்து நடக்கிற ஊர்ல எழுத்து மண்டையப் பாத்துகினு போறோமே. எவனாச்சும் போலீஸ கூப்புடப் போறான்."

எழில்மொழி நின்றுவிட்டாள். பச்சைப் பலகை, சிவப்பு எழுத்து. தவசிமுத்து ஸ்டோர்ஸ். காற்றில் விரல் வைத்து எண்ணினாள். சி, கொக்கி. த், புள்ளி. ஸ், புள்ளி. ர், ஸ். பலகைக்குப் பின்னால், கல்லாவுக்கு மேலே சுவரில், படிப்படியாக இறங்கும் ஆளில்லாத திராட்சை மலை தொங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம்.

கல்லாவில் இருந்தவர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று. "வாங்கம்மா, என்ன வேணும்?"

தெற்கத்தி இழுவை, 'இப்பம்' என்று சொல்கிற பக்கம். இவர்தான் என்று எழில்மொழியின் மனம் துள்ளியது.

"காலண்டர் நல்லா இருக்கு அண்ணாச்சி."

"ஆமா. உலர்பழம் சப்ளை பண்ணுதவங்க அடிச்சுக் கொடுத்தாங்க. பன்னெண்டு மாசமும் ஒயின் ஊருதான். பிள்ளையார் படம் கேட்டேன், மலையைக் கொடுத்துட்டாங்க."

"முந்திரி கால் கிலோ வேணும்," என்றாள், அவர் கண்ணையே பார்த்தபடி.

"ஜோபின்! முந்திரி கால் கிலோ."

உள்ளேயிருந்து வந்த ஒல்லியான இளைஞன் முந்திரிப்பருப்பையே நிறுத்துக் கட்டினான். எழில்மொழி மனதுக்குள் ஒரு கோடு அடித்தாள். தப்பு. எப்போதும்போல அவசரப்பட்டுவிட்டோம்.

"உங்ககிட்ட வெற்றின்னு ஒருத்தர் மூட்டை தூக்கினாரா அண்ணாச்சி?"

"வெற்றியா? தங்கமான பையன்லா! அவன் ஃபாரின் போயிட்டாம்லா. நல்லா இருக்கானா?"

பொய் சொல்கிற முகம் இல்லை அது. பக்கத்தில் சணல் நூலைச் சுற்றிக்கொண்டிருந்த ஜோபினின் கை மட்டும் நின்றுவிட்டது. எழில்மொழி அதைக் கவனிக்கவில்லை. டில்லிபாபு கவனித்தான்.

அவன் உலர்திராட்சை மூட்டையில் கைவிட்டு நாலு பழத்தை அள்ளினான். "தம்பி, இது இன்னாபா, எங்க மாமியார் மூஞ்சி மாதிரி சுருங்கிக் கீது?"

"உணக்க முந்திரி," என்றான் ஜோபின், வேறெங்கோ பார்த்தபடி. சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

தவசிமுத்து சிரித்தார். "இவன் மார்த்தாண்டத்துக்காரன். இவங்க பக்கம் திராட்சைக்கு முந்திரின்னுதான் பேரு. வந்த புதுசுல முந்திரி கேட்டவங்களுக்கெல்லாம் இதைக் கட்டிக் கொடுத்துட்டான்!"

யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு அவர் சிரிப்பும் அடங்கியது.

கடைக்குப் பின்னால் சரக்கு அறையில், மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து ஜோபின் சட்டைக்குள்ளிருந்து ஒரு கைப்பேசியை எடுத்து வைத்தான். கண்ணாடி கீறியிருந்தது. முதுகில் கால்பந்து ஸ்டிக்கர்.

"போர்ச்சுகல்ல என்ன ஆச்சு ஜோபின்?" என்றாள் எழில்மொழி.

"அக்கா, அவன் போர்ச்சுகலுக்கே போகல்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"நானும் அதே ஏஜென்ட்டை நம்பினவன்தான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏர்போர்ட்டுக்குப் போனோம். டிக்கெட்டு கள்ள டிக்கெட்டு. ஏஜென்ட்டு ஆபீஸ் பூட்டிக் கெடந்து. பாஸ்போர்ட்டு, பேப்பரு எல்லாம் அந்த ஆளு கையில. ஊருக்குத் திரும்பிருவோம் மக்கான்னு சொன்னேன். வெற்றி கேக்கல்ல. 'ஏரியால பேனர் வச்சிட்டானுங்கடா, மூஞ்சிய எங்க வச்சிக்குவேன்'னான். எனக்க மாமா கம்பத்துல ஒரு தோட்டத்துல மேஸ்திரி. ஒரு வருசம் அங்க கெடந்துட்டு, வெளிநாட்டுலேந்து வந்த மாதிரி வீட்டுக்குப் போயிரலாம்னான். 'எல்லாம் திராட்சதானடா, படத்துல எவனுக்குத் தெரியப் போவுது'ன்னு அவன்தான் முதல் படத்தை எடுத்து அனுப்பினான்."

பந்தல். தலைக்கு மேல் தொங்கிய கொத்துகள். காலண்டர் மலையில் கொடி வேலி போல நிற்கும். கம்பத்தில்தான் பந்தலில் படரும். நோட்டில் 'ஏன்?' என்று எழுதியவள் அவள்தான். 'வேறு தோட்டம்' என்று மூடி வைத்தவளும் அவள்தான்.

"நவம்பர்ல மழை. மோட்டார் வயரு அறுந்து பந்தல்ல கெடந்திருக்கு. பந்தல் பூரா கம்பியில்லியா அக்கா. அவன் கையைத் தூக்கிக் கொத்தை வெட்டினான்." ஜோபின் தன் கையைத் தூக்கிக் காட்டினான். அது அப்படியே நின்றது. "ஒரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். அம்மைக்கிட்ட சொல்லட்டான்னு கேட்டேன். 'இப்ப வாணாம்டா, அப்பால சொல்லிக்கலாம்'னான். அப்பாலன்னா எப்பம் அக்கா? அதை அவன் சொல்லல்ல."

தவசிமுத்து வாசற்படியில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாவ. நான்தான் அண்ணன், வேற ஒருத்தரும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கேயே அடக்கம் பண்ணினோம். டிசம்பர்ல நேர்ல சொல்லத்தான் வியாசர்பாடிக்குப் போனேன். மூணு மாடி ஏறினேன். அவனுக்க அம்மை கதவைத் திறந்தாவ. வாய் வரல்ல. தண்ணி வேணும்னு கேட்டேன். தண்ணி எடுக்கப் போனாவ, கையில போனோட திரும்பி வந்தாவ. 'எம்புள்ள ஃபாரின்ல கீறான், பாரு'ன்னு காட்டினாவ. நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

ஊருக்குப் போக மனசில்லாமல் ஜோபின், வெற்றி சொல்லியிருந்த இந்தக் கடைக்கே வந்து வேலை கேட்டிருக்கிறான். புது வருடக் காலண்டர் மாட்டிய அன்று மலையைப் பார்த்தான். ஒவ்வொரு மாதமும் முதலாளி தாளைத் திருப்பினால், அன்றைக்குப் பட்டம்மாளுக்கு ஒரு படம் போகும்.

டில்லிபாபு விரல் விட்டு மாதம் எண்ணினான்.

"எழிலு, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. டிசம்பர் வரிக்கும் இன்னும் நாலு தாளு கீது. அந்தம்மாவுக்கு நெஞ்சு வலி வேற. அப்டியே ஓடட்டுமே."

அவன் கிண்டல் செய்யவில்லை. அவளுக்கும் அதே ஆசைதான் வந்திருந்தது. நோட்டை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். சரியா தப்பா என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதிப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

"அவங்க படம் கேக்கல டில்லி. குரல் கேட்டாங்க. அடுத்த மாசமும் கேப்பாங்க."

டில்லிபாபு ஆட்டோ சாவியை எடுத்தான். ஜோபின் எழுந்து அவர்கள் பின்னாலேயே வந்தான். வா என்று யாரும் சொல்லவில்லை.

வியாசர்பாடியில், மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் மழைச் சாரலுக்காக ஒரு பேனரைக் கட்டியிருந்தார்கள். சாயம் போன வெற்றி அதில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு விமானம்.

எழில்மொழி எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்த நாலு வாக்கியமும் வாசலிலேயே தொலைந்துவிட்டன. பட்டம்மாள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்து நவம்பர் படத்தைத் தேடித் திறந்தார். மூலையில் கறுத்த நகத்தோடு அந்த விரல்.

"இது அவன் வெரலுதான்," என்றார். தொட்டுத் தடவினார். தடவியதும் படம் நகர்ந்து, ஆளில்லாத ஜனவரி மலை வந்தது. அவர் திரும்பத் தள்ளி விரலைக் கொண்டுவந்தார். தொட்டார். மறுபடியும் மலை.

நாலாவது தடவை டில்லிபாபு குனிந்து, "தொடாத யம்மா, சும்மா பாரு," என்றான்.

பட்டம்மாள் தலை நிமிர்ந்தபோதுதான் வாசலில் நின்ற ஜோபினைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி கேட்டு வந்த புள்ளதான நீயி?"

அவன் தலையசைத்தான்.

"அன்னிக்கே குடிச்சிட்டு சொல்லியிருக்கலாமே நைனா."

அவர் எழப் பார்த்தார், முடியவில்லை. எழில்மொழி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பட்டம்மாள் அதைத் தன் கையில் வாங்கி ஜோபினிடம் நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். கழுத்தெல்லாம் வழிந்தது.

"கம்பம்னா எங்க கீது?"

"தேனிப் பக்கம்மா," என்றாள் எழில்மொழி.

"ஏரோப்ளேன்ல போவணுமா?"

"இல்லம்மா. பஸ்தான். நம்ம கவர்மென்ட் பஸ்ஸே போகுது."

"எத்தினி மணி நேரம்?"

"பத்து மணி நேரம். மழையா இருந்தா பதினொண்ணு."

கீழே பந்து உதைக்கிற சத்தம் கேட்டது. பட்டம்மாள் பேனரில் இருந்த விமானத்தைப் பார்த்தார்.

"பத்து மணி நேரந்தானா?" என்றார்.

ஜோபின் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை கேட்டார்.